இரண்டாவது பிரேக்

"எனக்குப் பேர் வேணும். பேர் மட்டும் குடுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

வக்கீலம்மா உட்கார்ந்த வேகத்திலேயே இதைச் சொல்லிவிட்டார். எங்கள் ஆபீஸில் வருகிறவர்கள் உட்காரும் நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். எல்லோரும் முதல் ஐந்து நிமிடம் அதோடுதான் போராடுவார்கள். இந்த அம்மா உட்கார்ந்ததும் அது அசையாமல் நின்றது. பயந்திருக்க வேண்டும்.

"என்ன பேர்?" என்றார் சர்வேயரம்மா.

சர்வேயரம்மா என் முதலாளி. முப்பது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக நசுங்கிய கார்களைப் பார்த்து, யார் சொல்வது பொய் என்று எழுதிக் கொடுத்தவர். போன வருடம் ஓய்வு பெற்றார். சும்மா இருக்க முடியாமல் இந்தத் துப்பறியும் ஆபீஸைத் திறந்தார். நான் அவருடைய உதவியாளன். காது பக்கத்தில் ஓயாமல் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பதால் எனக்குக் கொசு என்று பெயர். இன்னும் அடிக்காமல் வைத்திருப்பதை நான் பாசம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

வக்கீலம்மா விரல் விட்டுச் சொன்னார். மகனுக்கு உயிர்ச் சிநேகிதர்கள் இரண்டு பேர். மூன்று பேருக்கும் பதினெட்டு வயது. போன மாதம் லைசென்ஸ் வாங்கிய முதல் பையன், வாங்கிய ஒன்பதாம் நாள் நின்றிருந்த லாரியின் பின்னால் போய்ச் செருகினான். அடுத்தவன் பதினோராம் நாள் பாலத்துச் சுவரில் மோதினான். இரண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார்கள்.

"ரெண்டு பேரும் வண்டி நிக்கலைன்னுதான் சொல்றாங்க. எவனோ பிரேக்கை அறுத்திருக்கான். என் பையனுக்குத் திங்கட்கிழமை லைசென்ஸ் வந்தது. இன்னைக்கு வெள்ளி. அடுத்தது அவன்தானே?"

"மெக்கானிக் என்ன சொன்னார்?"

"பிரேக் நல்லா இருக்காம். அவனையும் விலைக்கு வாங்கியிருப்பாங்க."

"உங்க பையன் இப்ப ஓட்டறானா?"

"கார் சாவி என் பையில இருக்கு." அவர் கைப்பையைத் தட்டிக் காட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பண்ணினவன் யாரா இருந்தாலும் அவன் குடும்பத்தையே நடுத்தெருவுல நிறுத்தறேன். எனக்கு அது ஒண்ணும் பெரிய வேலை இல்லை."

அதை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பெற்ற வயிற்றின் கோபம் புரிகிறது. ஆனால் அதில் பழக்கம் தெரிந்தது.

"உங்களுக்கு யார் மேலயாவது சந்தேகம் இருக்கா? பழைய பகை ஏதாவது?"

"எங்களுக்கு என்ன பகை இருக்கு?" என்று எழுந்துவிட்டார். நாற்காலி மறுபடி ஆடியது.

*

முதல் பையன் கால் முழுக்க மாவுக்கட்டோடு படுத்திருந்தான். கட்டின் மேல் சிநேகிதர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். யாரோ ஒருவன் 'மறுபடி எப்ப ரேஸ்?' என்று எழுதியிருந்தான். எனக்கு அவனை இரண்டு அறை அறையலாம் போலிருந்தது.

"வண்டியில எத்தனை பேர்?" என்றார் சர்வேயரம்மா.

"அஞ்சு பேர் ஆன்ட்டி. மத்தவங்களுக்குச் சிராய்ப்புதான்."

"பாட்டு?"

"ஃபுல் சவுண்டு."

"எத்தனையில போனே?"

அவன் சுவரைப் பார்த்தான். "தொண்ணூறு இருக்கும். பின்னாடி இருந்தவன் நூறு தொடுன்னான்."

சர்வேயரம்மா அதிர்ச்சியே அடையவில்லை. லைசென்ஸ் வாங்கிய புதிதில் பிள்ளைகள் இடிப்பதை அவர் மூட்டை மூட்டையாகப் பார்த்திருக்கிறார். பின்சீட்டில் சிநேகிதர்கள் ஏற ஏற முன்னால் வேகமும் ஏறும் என்பார்.

"லாரியைப் பார்த்ததும் என்ன பண்ணினே? அப்படியே சொல்லு."

"காலை எடுத்துட்டேன் ஆன்ட்டி. வண்டி நிக்கவே இல்லை."

அடுத்த அறையில் இரண்டாவது பையன். கழுத்தில் பட்டை, கையில் தூக்குக்கட்டு. அவனிடமும் அதே கேள்வி.

"காலை எடுத்தேன். நிக்கும்னு நினைச்சேன். நிக்கல."

சர்வேயரம்மா குறிப்பேட்டில் எதையோ அடிக்கோடிட்டார். "வண்டி யாருகிட்ட கத்துக்கிட்டே?"

"நாங்க மூணு பேரும் ஒரே மாஸ்டர்கிட்டதான். தங்கமான மனுஷன். ஒரு தடவை கூடத் திட்டினதில்லை. எல்லாருக்கும் இருபது கிளாஸ், உங்களுக்கு ஆறு போதும், நீங்க பிறவி டிரைவருங்கன்னு சொன்னார்."

"டெஸ்ட்டுக்கு?"

"அவர் வண்டியிலதான். அவர் பக்கத்துல உட்கார்ந்திருந்தார், ஆபீசர் பின்சீட்டுல. ஒரே தடவையில பாஸ்."

என் வயிறு எரிந்தது. நான் அந்த டெஸ்ட்டில் ஐந்து தடவை தோற்றவன். என்னைப் பார்த்தாலே அந்த அதிகாரி, 'வாப்பா, இன்னைக்கு எந்தக் கம்பம்?' என்று கேட்பார்.

"ஒரே ஒரு விஷயம்தான் வேடிக்கையா இருக்கும்" என்றான் பையன். "கடைசி கிளாஸ்ல தண்ணித் தொட்டி வளைவுக்குக் கூட்டிட்டுப் போவார். வண்டியை ஓரமா நிறுத்தச் சொல்லி, இந்த இடத்துல உனக்கு ஏதாவது ஞாபகம் வருதான்னு கேப்பார்."

"நீ என்ன சொன்னே?"

அவன் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. "ஞாபகம் இல்லைன்னேன்" என்றான்.

சர்வேயரம்மா குறிப்பேட்டை மூடினார். வெளியே வந்து படி இறங்கும்வரை பேசவில்லை. நானும் பேசவில்லை, அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது என்னோடு பழகியவர்களுக்குத் தெரியும்.

"கொசு, உனக்கு இன்னைக்கு டிரைவிங் கிளாஸ்" என்றார்.

*

டிரைவிங் ஸ்கூல் என்பது ஒரு ஷட்டர் கடை. சுவரில் சாலை விதிப் பலகைகளின் படம், ஒரு மேஜை, வாசலில் தலையில் பலகை வைத்த வெள்ளைக் கார். மாஸ்டர் ஒல்லியான மனிதர். இஸ்திரி கலையாத சட்டை. கண்ணில் தூக்கம் போய் வெகு நாளாகியிருந்தது.

என்னை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து, ஸ்கூலுக்குச் சொந்தமான பயிற்சி மைதானத்துக்குக் கூட்டிப் போனார். சர்வேயரம்மா என் அக்கா என்ற வேஷத்தில் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

அடுத்த அரை மணி நேரத்தை நான் மறக்க விரும்புகிறேன்.

"கண்ணு எங்கே இருக்கு? பிடரியிலயா?"

"சார், வண்டி தானா..."

"வண்டி தானா எங்கேயும் போகாது. நீங்கதான் போறீங்க. பிரேக்! உங்க காலால! நான் போட மாட்டேன். டயர் அடுக்குல இடிச்சாலும் போட மாட்டேன்!"

இடித்தேன். அவர் சொன்னபடியே போடவில்லை. பழைய டயர்களை அடுக்கி வைத்த தடுப்பு ஆடியது, என் பற்கள் ஆடின. "இப்ப உங்க கால் கத்துக்கிச்சு. இனிமே மறக்காது" என்றார். அவமானமாக இருந்தாலும் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஐந்து ஸ்கூலில் நான் கற்காததை அந்த மனிதர் அரை மணியில் கற்றுக்கொடுத்தார். நாலாவது முறை வண்டி டயருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது, என் காலால்.

கடைக்குத் திரும்பியதும் சர்வேயரம்மா முன்கதவைத் திறந்து, முழங்காலிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். கற்றுக்கொடுக்கும் காரில் பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் உண்டு. மாஸ்டர் அதை மிதித்தால் வண்டி நிற்கும். சர்வேயரம்மா இரண்டு பிரேக்கின் ரப்பரையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"ரப்பர் ரெண்டும் எப்ப மாத்தினீங்க மாஸ்டர்?"

"ரெண்டும் ஒரே நாள்ல. மூணு மாசமாச்சு. ஏன்?"

"கத்துக்கறவர் பக்கம் கொஞ்சம்தான் தேஞ்சிருக்கு. உங்க பக்கம் வழுக்கையாயிடுச்சு. என் தம்பி டயர்ல இடிக்கிறப்பகூட நீங்க மிதிக்கல. அப்ப இவ்வளவும் யாருக்காக மிதிச்சீங்க?"

மாஸ்டர் காரின் முன்கதவைச் சாத்தினார்.

"நீங்க திட்டித் திட்டிக் கத்துக் குடுக்கற ஆள். ஆனா மூணு பசங்களை மட்டும் திட்டினதே இல்லை. அவங்க ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா, நீங்க இந்தப் பக்கம் மெதுவா மிதிச்சிருக்கீங்க. காலை எடுத்தா வண்டி நின்னுடும்னு அவங்க கால் பழகிடுச்சு. டெஸ்ட்லயும் நீங்கதான் மிதிச்சீங்க. சொந்த வண்டியில சிக்னல்ல யோசிச்சு நிறுத்திடறாங்க. அவசரத்துல கால் யோசிக்காது, பழகினதைத்தான் செய்யும். காலை எடுத்தாங்க. வண்டி போய்க்கிட்டே இருந்தது."

பிரேக்கை யாருமே அறுக்கவில்லை! அந்தப் பையன்களின் காலுக்குப் பிரேக்கே இருந்ததில்லை.

மாஸ்டர் ஷட்டரைப் பாதி இறக்கினார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் வந்து மேஜை மேல் இரண்டு கையையும் வைத்து உட்கார்ந்தார்.

"உங்களை எனக்குத் தெரியும்மா. ரெண்டு வருஷம் முன்னாடி ஒர்க்ஷாப்புல அந்தக் காரைப் பார்க்க வந்தீங்க. நான் வெளியே நின்னுட்டிருந்தேன்."

"நானும் உங்களைப் பார்த்தேன். தண்ணித் தொட்டி வளைவுன்னு அந்தப் பையன் சொன்னதும் உங்க முகம்தான் ஞாபகம் வந்தது."

இருவரும் மாறி மாறிச் சொன்னதை நான் கோத்துக்கொண்டேன். டியூஷனுக்குச் சைக்கிளில் போன பெண், தண்ணித் தொட்டி வளைவில் கார் மோதி அந்த இடத்திலேயே போய்விட்டாள். வயது பதிமூன்று. மாஸ்டருக்கு ஒரே மகள். முதல் பையனின் அப்பா காரில் பதினாறு வயதுப் பையன்கள் மூன்று பேர், ஒருவனுக்கும் லைசென்ஸ் இல்லை. யார் ஓட்டியது என்ற கேள்விக்கு மூன்று பேரும் ஒரே பதில் சொன்னார்கள். ஞாபகம் இல்லை. மனப்பாடம் செய்தது போல மூன்று வாயிலும் ஒரே பதில். வழக்கு நிற்கவில்லை. இன்ஷூரன்ஸ் படிவத்தில் 'ஓட்டியவர்' என்ற கட்டத்தைச் சர்வேயரம்மா காலியாக விட வேண்டியிருந்தது.

"என் பொண்ணுக்குச் சைக்கிள் கத்துக் குடுத்தது நான்" என்றார் மாஸ்டர். "எப்பவும் பிரேக் மேல விரல் இருக்கணும்னு முதல் நாளே சொன்னேன். ரோட்டுல அவ சக்கரத் தடம் இருந்ததும்மா. கடைசி வரைக்கும் பிரேக் பிடிச்சிருக்கா. காரோட தடமே இல்லை. அவங்க பிடிக்கவே இல்லை."

"தெரியும். நான் அளந்தேன்."

"நான் அவங்களைத் தேடிப் போகல. ஒருத்தன் தானா வந்தான், மத்த ரெண்டு பேரையும் அவனே கூட்டிட்டு வந்தான். கோர்ட்டுல மூணு பேரும் குனிஞ்ச தலை நிமிரல. ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தா என்னை அடையாளம் தெரிஞ்சிருக்கும். அந்த வளைவுல நிறுத்தி ஒவ்வொருத்தன்கிட்டயும் கேட்டேன். ஒருத்தன் ஆமான்னு சொல்லியிருந்தாலும் அடுத்த நாளே முதல்ல இருந்து கத்துக் குடுத்திருப்பேன். சொல்லல. யாருன்னு தெரியாததால மூணு பேருக்கும் ஒரே பாடம்." அவர் முதல் முறையாகச் சிரித்தார், பார்க்கச் சகிக்கவில்லை. "நான் என்ன பண்ணிட்டேன்? அவங்க அப்பா அம்மா இத்தனை வருஷமா அவங்களுக்காகப் போட்ட பிரேக்கைத்தான் நானும் போட்டேன். எந்தச் சட்டத்துல தப்பு?"

அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்று ஒரு பாதி மனசு சொன்னது. அந்தப் பாதியைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

சர்வேயரம்மா அமைதியாகக் கேட்டார்: "பாலத்துச் சுவர் இருந்த இடத்துல இன்னொரு சைக்கிள் வந்திருந்தா?"

மாஸ்டரின் கை மேஜையிலிருந்து நழுவியது.

அந்த நேரம் பார்த்து சர்வேயரம்மாவின் போன் அடித்தது. வக்கீலம்மா. சத்தம் எங்களுக்கே கேட்டது. "மாத்துச் சாவி இருந்திருக்கு! பையன் காரை எடுத்துட்டு, தங்கச்சியை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வரப் போயிட்டான். நான் போன் போட்டுத் திரும்பி வரச் சொல்லவா?"

மாஸ்டர் எழுந்தே விட்டார். "போன் பண்ண வேண்டாம்னு சொல்லுங்க! ஓட்டும்போது மணி அடிச்சா அவன் எடுப்பான். பொண்ணுக்கு என்ன வயசு?"

சர்வேயரம்மா கேட்டுச் சொன்னார். "பதிமூணு."

மாஸ்டர் ஷட்டரை உயர்த்திய வேகத்தில் அது மேலே போய் முட்டிக் கீழே வந்தது.

*

தங்கையின் ஸ்கூல் வாசலில் நல்ல வேளையாகக் கார் நின்றுகொண்டிருந்தது. பின்சீட்டில் சிநேகிதர்கள் இரண்டு பேர் ஏற்கெனவே பாட்டுப் போட்டிருந்தார்கள். முன்சீட்டில் இரட்டைப் பின்னல் போட்ட பெண். மாஸ்டர் அவளைப் பார்த்தபடி ஒரு நொடி நின்றார்.

"சார், நீங்களா!" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தான் பையன். "வாங்க, ஒரு ரவுண்டு போலாம்!"

"போலாம். எல்லாரும் இறங்குங்க. நீயும் இறங்கும்மா."

சிநேகிதர்கள் முணுமுணுத்துக்கொண்டே நடையைக் கட்டினார்கள். தங்கை எங்களோடு வெள்ளைக் காரில் ஏறினாள். சர்வேயரம்மா ஓட்டினார். முன்னால் பையனின் காரை மாஸ்டரே பயிற்சி மைதானம் வரை ஓட்டிக்கொண்டு போனார்.

அங்கே போனதும் பையனை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து, அவர் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மேடம், பழி வாங்க நினைக்கிற ஆள்கிட்டப் பையனைத் தனியா விடறீங்களே!"

"பெல்ட் போட்டு விட்டிருக்கார் பாரு" என்றார் சர்வேயரம்மா. ஆனால் அவர் கை கதவுப் பிடியில்தான் இருந்தது. ஸ்கூல் வாசலிலிருந்து கிளம்பும்போதே வக்கீலம்மாவுக்கு போன் செய்து இடத்தைச் சொல்லியிருந்தார்.

மாஸ்டர் தன் செருப்பைக் கழற்றினார். இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடி இறங்கியிருந்ததால் எங்களுக்குக் கேட்டது.

"இருபதுல போ. நான் கை தட்டினா நிறுத்து."

கார் கிளம்பியது. மாஸ்டர் கை தட்டினார். கார் போய்க்கொண்டே இருந்தது. என்னோடு ஏற்கெனவே அறிமுகமான டயர் அடுக்கில் முட்டி, மேல் டயர் பானெட்டில் விழுந்து உருண்டது.

நாங்கள் ஓடினோம். பின்னால் ஆட்டோவில் வந்து இறங்கிய வக்கீலம்மாவும் ஓடி வந்தார். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"சார், நான் பிரேக் போட்டேனே..."

"இல்லை. காலைத்தான் எடுத்தே. இத்தனை நாளா உனக்குப் பிரேக் போட்டது நான்." மாஸ்டர் அவன் பக்கம் திரும்பினார். "அந்த வளைவுல சைக்கிள்ல வந்தது என் பொண்ணு."

பையன் அப்போதுதான் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். நன்றாகப் பார்த்தான்.

"நீதானா!" வக்கீலம்மா கதவைப் பிடுங்கித் திறந்தார். "என் பையன் மேலேயா கை வைச்சே? உன்னை..."

"அம்மா." பையனின் குரல் உடைந்திருந்தது. "நான்தான் சார் ஓட்டினேன்."

"வாயை மூடு! ஒரு வார்த்தை பேசக் கூடாது!"

"முன்னாடி சைக்கிளைப் பார்த்தேன். போன் கையில இருந்தது. நான்தான் ஓட்டினேன் சார். அம்மாதான் எங்க மூணு பேரையும் உட்கார வைச்சு ஞாபகம் இல்லைன்னு சொல்லச் சொன்னாங்க."

தங்கை அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வைக்கு எந்தக் கோர்ட்டிலும் பதில் சொல்ல முடியாது.

மாஸ்டர் வண்டியை விட்டு இறங்கினார். இரண்டு வருடப் பழி நிறைவேறிய மனிதரின் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டேன். அவர் களைத்துப் போயிருந்தார், அவ்வளவுதான். சட்டைப் பையிலிருந்து பயிற்சியாளர் அட்டையை எடுத்து சர்வேயரம்மா கையில் கொடுத்தார். "ஆஸ்பத்திரியில ரெண்டு பசங்க படுத்திருக்காங்க. அதையும் எழுதுங்கம்மா. நான் மறுக்க மாட்டேன்."

"எழுதுவேன்" என்றார் சர்வேயரம்மா. "ஒண்ணையும் விட மாட்டேன்."

பிறகு தன் பெரிய பைக்குள் கையை விட்டார். காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் வீட்டுக்குப் போய் எதையோ எடுத்து வந்திருந்தார். இப்போதுதான் அது என்னவென்று பார்த்தேன். இரண்டு வருடப் பழைய படிவத்தின் நகல், மடிப்பில் மஞ்சளாகியிருந்தது. அதைக் காரின் மேல் விரித்து, 'ஓட்டியவர்' என்ற காலிக் கட்டத்தில் பேனாவை வைத்தார். பையனைப் பார்த்து, "முழுப் பேர் சொல்லுப்பா" என்றார்.

அவன் சொன்னான். அவர் நிதானமாக எழுதினார். எழுதி முடித்துத் தாளைத் திருப்பி வக்கீலம்மா முன்னால் பிடித்தார்.

"காலையில பேர் கேட்டீங்களே. இதுதான். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."